கிராமத்து மண்டபத்தில் ஃபோக்கும் ஜாஸும் ஒரே இரவில்: எது எங்கே இடிக்கும்?

#1 பந்தல்கால்

பிரான்ஸ், அலியே மாவட்டம், 600 பேர் வாழும் ஊர். 1901 சட்டப்படி பதிந்த சங்கம் ஒன்று செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை இரவுக்கு ஊர் மண்டபத்தை (சால் தெ ஃபெத்) எடுத்திருக்கிறது. 180 சதுர மீட்டர், ஓட்டுத் தரை, தாழ்ந்த கூரை, சுவரில் ஒலி லிமிட்டர்.

முதல் குழு பால் ஃபோக், அதாவது நாட்டார் நடனத்துக்கு வாசிப்பவர்கள்: வியெல் (சக்கரம் சுற்றி வாசிக்கும் தந்திக் கருவி), டயட்டோனிக் அக்கார்டியன் (பொத்தான் வைத்த துருத்திக் கருவி), வயலின். இரண்டாவது ஜாஸ் குழு: டெனர் சாக்ஸ், கிட்டார், டபுள் பேஸ், டிரம்ஸ். கடைசி அரை மணி ஏழு பேரும் சேர்ந்து வாசிப்பதாகத் திட்டம். வருவார்கள் என்று நினைப்பது 120 பேர், நுழைவு 8 யூரோ.

எது எது தவறும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாற்காலி போடுவதா வேண்டாமா என்று சங்கத்துக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கிறது, அதையும்.

#2 மேசைக்காரன்

முதலில் அந்த லிமிட்டரைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். அது ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைக்கும் கருவி இல்லை. கூரையிலோ சுவரிலோ உள்ள மைக் வழியாக மண்டபத்தின் மொத்தச் சத்தத்தையும் அளக்கும். வரம்பைத் தாண்டிச் சில நொடி போனால் மேடை பிளக்குகளின் மின்சாரத்தை வெட்டிவிடும். பச்சை, ஆரஞ்சு, சிவப்பு விளக்கு இருக்கும். சிவப்பில் நின்றால் வெட்டு விழும். திரும்பத் திரும்ப நடந்தால் பல கருவிகள் வெட்டு நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகும்.

இதில் ஆளைக் கவிழ்ப்பது டிரம்ஸ்தான். மின்சாரமே தேவையில்லாத ஸ்னேர் டிரம் வரம்பைத் தாண்டும், ஆனால் அணைவது பாடுபவரின் மைக். டிரம்மர் ஒன்றும் நடக்காததுபோல் அடித்துக்கொண்டே இருப்பார். ஆகவே:

- வரம்பு எத்தனை டெசிபல் என்று மெரியில் (ஊர் நிர்வாக அலுவலகம்) எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாடகை ஒப்பந்தத்திலேயே இருக்கலாம்.
- டிரம்ஸ் அந்த மைக்குக்கு நேர் கீழே வரக்கூடாது. அடியில் கனமான கம்பளம், குச்சிக்குப் பதில் பிரஷ் அல்லது கட்டுக்குச்சி.
- டிஜிட்டல் மிக்ஸர் மின்சாரம் போய் வந்தால் எழுந்திருக்க ஒரு நிமிடம் ஆகும். அதற்கு மட்டும் ஒரு சிறு யுபிஎஸ் வையுங்கள். ஒலிபெருக்கிகளை லிமிட்டர் இல்லாத பிளக்கில் செருகுவது மட்டும் கூடாது. பிடிபட்டால் அடுத்த முறை மண்டபம் கிடைக்காது, காப்பீட்டுக்காரரும் கைவிரிப்பார்.
- அவசரக் கதவுகளில் சென்சார் இருக்கிறதா பாருங்கள். சில மண்டபங்களில் கதவு திறந்தாலே மின்சாரம் போகும். வெக்கை தாங்காமல் யாரோ கதவைத் திறக்க, மேடை அணையும். காரணம் தெரியாமல் எல்லோரும் கேபிளை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சட்ட அளவு தனி. 2017 ஆகஸ்ட் 7 ஆணைப்படி 15 நிமிடச் சராசரியில் 102 டெசிபல் ஏ (காது கேட்கும் விதத்தில் அளப்பது), 118 டெசிபல் சி (பேஸையும் சேர்த்து அளப்பது). ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கென்றே நடத்தும் நிகழ்ச்சி என்றால் 94, 104. கிராமத்தில் இதைவிட முதலில் கழுத்தைப் பிடிப்பது அண்டை வீட்டுக் கணக்கு: சுற்றுப்புறச் சத்தத்துக்கு மேல் பகலில் 5 டெசிபல், இரவு 10 மணியிலிருந்து காலை 7 வரை 3 டெசிபல்தான் கூடலாம். (நேரம் குறைவாக இருந்தால் சிறு சலுகை உண்டு.) ஊர் உறங்கும் இரவில் சுற்றுப்புறச் சத்தமே மிகக் குறைவு, 3 டெசிபல் என்பது பேஸ் கசிந்தாலே போய்விடும். 120 பேருக்கு 12 அங்குல ஒலிபெருக்கிப் பெட்டி இரண்டு போதும். பேஸுக்கென்று தனி சப் பெட்டி வேண்டாம்.

#3 நான்காம்_கட்டை

சத்தத்தை விடச் சுருதி பெரிய தலைவலி. இந்த ஏழு கருவிகளில் மேடையில் சுருதி மாற்றவே முடியாதது அக்கார்டியன். எஃகு நாக்குகள், அரத்தால் தேய்த்துச் சுருதி சேர்த்தவை. பிரான்ஸில் பல அக்கார்டியன்கள் 442 ஹெர்ட்ஸில் இருக்கும். கிட்டார்காரரின் ட்யூனர் 440இல் நிற்கும். வித்தியாசம் சுமார் 8 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் எட்டு பங்கு). தனியாகக் கேட்டால் தெரியாது, சேர்ந்து வாசித்தால் புளிக்கும். எல்லோரும் அக்கார்டியனிடம் 'லா' வாங்கிச் சேருங்கள் (பிரெஞ்சுப் பெயர்கள் தோ, ரே, மி, ஃபா, சோல், லா, சி என்பவை C, D, E, F, G, A, B). ட்யூனரை 442க்கு மாற்றிவிட்டால் சண்டை முடிந்தது.

அடுத்தது வியெல். தெரியாதவர்களுக்கு: கைப்பிடியைச் சுற்றினால் ஒரு மரச்சக்கரம் தந்திகளை உராயும், சாவிகள் மெட்டுத் தந்தியை நிறுத்தும், கூடவே ஆதார சுருதித் தந்திகள் (பூர்தோன்) ஓயாமல் ஒலிக்கும். சுருதிப்பெட்டியும் வயலினும் ஒரே உடம்பில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான அமைப்புகளில் ஒன்று சோல்-தோ. அந்த ஆதாரத்தின் மேல் ஜாஸ் குழு கார்டுக்குக் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டு) தாவினால் என்ன ஆகும் என்று நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தம்புரா ஓடிக்கொண்டிருக்க நாலு பாருக்கு (பார் என்பது தாளத்தின் ஒரு ஆவர்த்தனம்) ஒரு முறை சுருதி மாறுவதுபோல் இருக்கும்.

தீர்வு இரண்டு. ஒன்று, ஒரே மையத்தில் நிற்கும் மோடல் உருப்படி. தோ அல்லது சோல் ஆதாரம், டோரியன் அல்லது மிக்ஸோலிடியன் என்ற சுர வரிசை, கார்டு ஒன்றோ இரண்டோ. இன்னொன்று, பூர்தோன் தந்திகளைச் சக்கரத்திலிருந்து தூக்கி மாட்டிவிட்டு வியெல் மெட்டு மட்டும் வாசிப்பது. ஆனால் தூக்க ஒரு கை வேண்டும். எட்டு பாருக்கு ஒரு முறை தூக்கி இறக்க முடியாது. உருப்படி முழுக்க இருக்கும், அல்லது முழுக்க இருக்காது. முன்பே முடிவு செய்யுங்கள்.

சோல்-தோ டயட்டோனிக்கும் அதே ஊர்தான்: சோல், தோ, லா மைனர் வசதி, மி பெமோல் (E ஃபிளாட்) கேட்டால் அக்கார்டியன்காரர் காபி குடிக்கப் போய்விடுவார். டெனர் சாக்ஸுக்கு ஒரு முழு சுரம் மேலே எழுதுங்கள்: சோல் என்றால் அவர் லா, தோ என்றால் ரே, லா மைனர் என்றால் சி மைனர். ஆல்டோ வந்தால் சோலுக்கு மி, தோவுக்கு லா, லா மைனருக்கு ஃபா தியெஸ் (F ஷார்ப்) மைனர்.

டிரம்மருக்கு ஒரு வார்த்தை. வியெலில் 'ஷியென்' (நாய்) என்று ஒரு ஆடும் பாலம் உண்டு. மணிக்கட்டை உதறினால் சர்ர்ர் என்று தாளம் போடும். அது இருக்கும்போது ஹை-ஹாட் (காலால் மூடும் ஜோடித் தாளம்) அதே இடத்தில் அடித்தால் இரண்டும் சேற்றில் விழும். ஒருவர் தாளம் பிடித்தால் மற்றவர் விலகணும்.

#4 கணக்குப்புலி

காகித வேலை, வரிசையாக.

பானக் கடை (புவெத்): மேயரின் தற்காலிக அனுமதி வேண்டும். ஒரு சங்கத்துக்கு ஆண்டுக்கு ஐந்து. இரண்டு வாரம் முன்னதாகக் கடிதம். இதில் மூன்றாம் பிரிவு வரைதான் விற்கலாம்: ஒயின், பியர், சைடர், 18 டிகிரிக்கு மேற்படாதவை. பாஸ்டிஸ் (சோம்பு வாசனை மது) கூடாது. "எப்போதும் விற்கிறோமே" என்று சொல்லும் ஆள் ஒவ்வொரு சங்கத்திலும் ஒருவர் இருப்பார், கேட்காதீர்கள்.

இசைக் கலைஞர்கள்: காசு கொடுத்தால் அவர் சட்டப்படி ஊழியர் என்றே கருதப்படுவார். உறையில் நோட்டு வைத்துக் கொடுப்பது மறைமுக வேலை, பெரிய அபராதம். நிகழ்ச்சி நடத்துவது முதன்மைத் தொழிலாக இல்லாத சங்கத்துக்கு கலைஞர் ஊதியத்தையும் பங்களிப்பையும் கட்ட குசோ என்ற ஒற்றைச் சாளரம் உண்டு, 2004 முதல் கட்டாயம். வேலை தொடங்கும் முன் அறிவிப்பு, முடிந்த 15 நாளுக்குள் படிவமும் பணமும். ஆண்டுக்கு ஆறு நிகழ்ச்சி வரை தனி நிகழ்ச்சி உரிமம் தேவையில்லை.

உங்கள் கணக்கைப் பாருங்கள். ஏழு பேர், கையில் தலைக்கு 130 யூரோ என்றால் 910. சமூகப் பங்களிப்பு சேர்ந்தால் ஒன்றரை மடங்கைத் தாண்டும், ஆகக் குறைந்தது 1365. நுழைவு 120 × 8 = 960. நுழைவுக் காசு மட்டும் வைத்து இந்த இரவு நிற்காது. பானமும் சாப்பாடும்தான் தூக்கணும்.

அமெச்சூர் குழு என்றால் 2016 ஜூலை 7 சட்டம் ஊதியமில்லாமல் வாசிக்க இடம் தருகிறது; பயணச் செலவைத் திருப்பித் தரலாம். ஆனால் அதே மேடையில் பாதிப் பேருக்கு ஊதியம், பாதிப் பேருக்கு இல்லை என்பது மனக்கசப்புக்கு நேர் வழி. விளம்பரம் ஒட்டும் முன்பே பேசி முடியுங்கள்.

வரி: சங்கத்தின் நிதிக்காக ஆண்டுக்கு ஆறு நிகழ்ச்சி வரை மதிப்புக்கூட்டு வரி விலக்கு.

#5 கரிசல்

இசை வாசித்தால் சசெமுக்கு (இசை ஆசிரியர்களின் உரிமைக் கட்டணம் வசூலிக்கும் அமைப்பு) காசு கட்டணும் என்கிறார்கள். நாட்டார் பாட்டுக்கு ஆசிரியரே கிடையாதே, எதற்குக் கட்டணம்? ஜாஸ் பக்கமும் கிட்டார்காரர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் காலத்து உருப்படி என்றால் அவர் 1953இல் இறந்தார், காப்புரிமையின் 70 ஆண்டு 2023இல் முடிந்துவிட்டது.

#6 கணக்குப்புலி

இரண்டுமே பாதி சரி, பாதி தவறு.

நாட்டார் மெட்டு பொதுச் சொத்து. ஆனால் இன்று பால் ஃபோக்கில் வாசிப்பதில் பாதிக்கு மேல் வாழும் ஆட்கள் இயற்றிய மசூர்க்கா, ஸ்கொதிஷ் ஆட்ட மெட்டுகள். கேட்டால் பழசுபோலத்தான் இருக்கும். பழைய மெட்டுக்கும் ஒருவர் செய்த ஒழுங்கமைப்பு பதிவாகியிருக்கலாம். குழுவிடம் உருப்படிப் பட்டியலை வாங்கி நிகழ்ச்சிக்கு முன்பே சசெமில் அறிவியுங்கள், பட்டியலையும் அனுப்புங்கள். முழுப் பட்டியலும் பொதுச் சொத்து என்றால் கட்டணம் வராது, ஆனால் அதைக் காட்ட வேண்டியது நீங்கள்.

ஜாங்கோ விஷயத்தில் பிரான்ஸுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. இசைக்குப் போர்க்கால நீட்டிப்பு இன்னும் உயிரோடு உள்ளது: 1948க்கு முன் வெளியான உருப்படிக்கு 70 ஆண்டின் மேல் 8 ஆண்டு 120 நாள். அதனால் அவருடைய அந்தக் காலத்து உருப்படிகள் 2032 வரை இங்கே காப்புரிமையில்தான். கூட்டாக இயற்றியது என்றால் கடைசியாக இறந்தவரிலிருந்து எண்ணணும். அவரோடு வாசித்த வயலின்காரர் கிராப்பெல்லி இறந்தது 1997இல்.

இன்னொன்று: இடைவேளையில் லேப்டாப்பிலிருந்து பாட்டு போட்டால் ஒலிப்பதிவுக்கான தனிக் கட்டணமும் சேரும். நேரடி இசை மட்டும் என்றால் அது இல்லை. இடைவேளையில் ஜனங்கள் பேசட்டும்.

#7 சதங்கை

ஆடுறவையின்ர பக்கத்தில இருந்து சொல்லுறன். ஜாஸ் குழுவுக்கு முதல் சொல்லிவைக்க வேண்டியது, ஆட்டத்துக்கு ஒரு சுற்று இருக்கு எண்டது.

செர்க்ல் சிர்காசியன் எண்ட வட்ட ஆட்டத்தை எடுங்கோ. எல்லாரும் நடுவுக்குப் போய்த் திரும்புறது ரெண்டு தரம், 16 அடி. பெண்கள் போய்வர, ஆண்கள் போய்வர, 16. சோடியாச் சுழல்றது 16. வட்டத்தில நடக்கிறது 16. மொத்தம் 64. இப்ப 32 பார் AABA வடிவத்தில (எட்டுப் பார் பகுதி நாலு, மூண்டாவது மட்டும் வேற மெட்டு) இருக்கிற ஜாஸ் உருப்படியை வேகமா, நிமிஷத்துக்கு 230 எண்டு வாசிச்சா, ஆடுறவை பாருக்கு ரெண்டு அடி வைப்பினம்: 32 × 2 = 64. கச்சிதமாப் பொருந்தும். தனி வாசிப்பெல்லாம் சேர்ந்தும் முழுச் சுற்றா முடியவேணும். சாக்ஸ்காரர் பாதிச் சுற்றில நிப்பாட்டிக் கிட்டாருக்குக் குடுத்தாலும் பிழையில்லை, எட்டுப் பாரில கை மாறினாச் சரி.

12 பார் புளூஸ் இதுக்குச் சரிவராது. 24 அடியில ஒரு சுற்று முடியும், ஆடுறவைக்கு 16இல பகுதி மாறும். எட்டுத் தரம் வாசிச்சாப் பிறகுதான் ரெண்டும் திரும்பச் சந்திக்கும், அதுக்குள்ள வட்டம் குழம்பிப் போயிரும். ஆனா அதே புளூஸை ஆறுதலா ஸ்கொதிஷுக்கு வாசியுங்கோ. ஸ்கொதிஷ் 16 எண்ணிக்கை, நாலு பார். 12 பாரில மூண்டு தரம் வரும், மிச்சமில்லை. ஷஃபிள் நடை ஸ்கொதிஷின்ர துள்ளலோட நல்லாவே ஒட்டும்.

பூரே எண்ட நாட்டார் ஆட்டத்துக்கு ஸ்விங் (ஜாஸின்ர இழுத்த நடை) போடாதேங்கோ. மூண்டு தாளப் பூரேயில அழுத்தம் விழுற இடம் வேற, அதை இழுத்தாக் கால் போய் நிக்க இடமில்லை. ஜாஸ் வால்ட்ஸ் வால்ஸுக்குச் சரி, வேகம் நடுவில மாறக்கூடாது.

நேரம்: சிர்காசியன் ஒரு சுற்று 33 வினாடி மாதிரி. எட்டுச் சுற்று நாலரை நிமிஷம், அது காணும். பத்து நிமிஷத் தனி வாசிப்பு இருந்து கேக்கிறவைக்கு.

ஓட்டுத் தரை முழங்காலுக்குக் கூடாது, ஆனா பவுடர் தூவாதேங்கோ, விழுத்தும். பியர் ஊத்தினா உடன துடைக்க ஒரு துணியும் ஆளும் வேணும். ஆட்டத்துக்கு முதல் 45 நிமிஷம் பழக்கிற வகுப்பு வையுங்கோ: சிர்காசியன், ஸ்கொதிஷ், ஒரு ஆந்த்ரோ (கை கோத்து ஆடுற ஆட்டம்). இந்த மூண்டும் தெரிஞ்சா ஊர்ச் சனம் இரவு முழுக்க நிக்கும்.

#8 நீலச்சுரம்

சதங்கை சொல்வதைப் பார்த்தால் ஜாஸ் குழு நடனத்துக்குப் பின்பாட்டு மாதிரி ஆகிறது. டபுள் பேஸ் தனி வாசிப்பை 120 பேர் கால் தேய்க்கும் சத்தத்தில் யார் கேட்பது? ஜாஸ் செட்டுக்கு நாற்காலி போடுங்கள், விளக்கைத் தணியுங்கள், பானக் கடையை அந்த 50 நிமிடம் மூடுங்கள். காபி இயந்திரத்தின் ஆவிச் சத்தம் மெதுவான ஒரு ஜாஸ் பாட்டையே (பாலட்) கொல்லும்.

#9 சதங்கை

120 கதிரை 180 சதுர மீட்டரில போட்டா அதை எடுக்க அரை மணி, திரும்பப் போட அரை மணி. சனம் அந்த நேரத்தில வீட்ட போயிரும். ஒருக்காக் கதிரையில இருந்த ஆளை எழுப்பி ஆட வைக்கிறதும் லேசில்லை.

#10 மேசைக்காரன்

இரண்டு பேரும் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. பானக் கடையை மூடச் சொல்வதில் இல்லை. #4இல் உள்ள 400 யூரோ பள்ளத்தை யார் நிரப்புவது?

செய்யக்கூடியது: மூன்று சுவரோரமும் பெஞ்சு, 50–60 பேருக்கு. நடுத்தளம் எப்போதும் காலி. ஜாஸ் செட் சாப்பாட்டு நேரத்தில், 8 மணிக்கு, மடக்குமேசைகளோடு. மேசை மடக்கும்போது ஜனங்கள் தானாகவே எழுந்துவிடுவார்கள், நாற்காலியை எடுக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். பிறகு ஃபோக் ஒன்றரை மணி, கடைசியில் கூட்டு வாசிப்பு. காபி இயந்திரத்துக்குப் பதில் முன்பே வடித்த காபி, ஃபிளாஸ்கில்.

ஒலியிலும் இந்த வரிசைக்கு ஒரு லாபம்: சத்தமான டிரம்ஸ் செட் 10 மணிக்கு முன் முடிகிறது. கடைசிக் கூட்டு வாசிப்பில் பிரஷ் மட்டும்.

மைக் பற்றி: டயட்டோனிக்குக்கு இரண்டு, வலக்கைப் பக்கம் ஒன்று, பேஸ் பக்கம் ஒன்று. ஒன்றே வைத்தால் பாதிக் கருவிதான் கேட்கும். வியெலில் பியசோ (உடம்பில் ஒட்டிய ஒலி உணரி) இருந்தால் அதை மிக்ஸரோடு இணைக்க டிஐ பெட்டி. 200–400 ஹெர்ட்ஸில் பூர்தோன் இந்தத் தாழ்ந்த கூரையில் குமியும், அங்கே மூன்று நான்கு டெசிபல் வெட்டுங்கள். டபுள் பேஸ் தவிர எல்லா வரியிலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டி.

#11 நான்காம்_கட்டை

நீலச்சுரத்துக்கு ஒன்று. நடனத்துக்கு வாசிப்பது ஜாஸுக்குக் குறைச்சல் என்பது பிரான்ஸ் வரலாற்றுக்கே ஒத்துவராது. ஒவெர்ன் மலைக்காரர்கள் பிழைக்கப் பாரிஸ் போனபோது கப்ரெத் என்ற துருத்திக் குழலைக் கொண்டுபோனார்கள். லாப் தெருவின் ஆட்டக் கூடங்களில் அது இத்தாலியர்களின் அக்கார்டியனோடு கலந்து பால் முசெத் ஆனது. ஜாங்கோ சிறுவனாகப் பாஞ்சோ வாசித்துப் பிழைத்தது அந்த முசெத் அக்கார்டியன்காரர்களோடுதான். கிராப்பெல்லியோடு குவிந்தெத் (ஐவர் குழு) தொடங்கியது அதற்குப் பிறகு, 1934இல்.

கிராமத்திலும் முன்னுதாரணம் உண்டு. ஜிரோந்த் மாவட்டத்தில் சில நூறு பேர் வாழும் உசெஸ்த்தில், அந்த ஊரிலேயே பிறந்த ஜாஸ் கலைஞர் பெர்னார் லுபா 1978இலிருந்து காஸ்கோன் மரபையும் தற்கணக் கற்பனை இசையையும் ஒன்றாக நிறுத்தி விழா நடத்தினார். லியோனின் ஆர்ஃபி குழு 1977இல் தன் பெயரிலேயே 'கற்பனை நாட்டாரியலைத் தேடும் சங்கம்' என்று வைத்துக்கொண்டது. வாலந்தான் கிளாஸ்த்ரியே வியெலையே மின்னொலியாக்கி ஜாஸ்காரர்களோடு வாசித்தவர்.

கேட்பதற்கும் இடம் வேண்டும் என்பது சரி. டபுள் பேஸ் தனி வாசிப்பை 8 மணி செட்டில் வையுங்கள், சாப்பாட்டில் சீஸ் வரும் நேரம். கத்தி முள் சத்தம் ஓய்ந்திருக்கும்.

#12 நீலச்சுரம்

சீஸ் நேரம் ஏற்றுக்கொள்கிறேன். கூட்டு வாசிப்புக்கு உருப்படி ஐந்துக்கு மேல் வேண்டாம், ஒத்திகை ஒன்றாவது வேண்டும். நீளமான தாளமில்லா முன்னுரை கூடாது. ஆடுபவர்கள் சோடி பிடித்து நின்று கை வலிக்கும். நாலு பார் முன்னோட்டம், நடனத்தின் பெயரை மைக்கில் சொல்லிவிட்டு. முடிவுக்கு அக்கார்டியன்காரர் காலைத் தூக்கினால் "இதுதான் கடைசிச் சுற்று" என்று ஏழு பேரும் ஒத்துக்கொள்ளணும். இது இல்லாமல் வியெல் நின்றபின் டிரம்ஸ் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

#13 பந்தல்கால்

எல்லோருக்கும் நன்றி. பெஞ்சு முடிவாகிவிட்டது. மண்டபச் சமையலறையில் உருளைக்கிழங்குப் பாத்தே (மாவு மூடி போட்டுச் சுடுவது), முற்றத்தில் கிரேப் (மெல்லிய தோசை போன்றது) சுடும் மின்சாரக் கல் இரண்டு என்று திட்டம். முற்றத்துக்கு மேடைப் பக்கப் பிளக்கிலிருந்து சுருள் கேபிள் இழுக்கலாமா?

#14 மேசைக்காரன்

கூடவே கூடாது. 16 ஆம்பியர் பிளக் என்றால் 3680 வாட். தொழில்முறைக் கிரேப் கல் ஒன்றே 3000 வாட் அளவு இழுக்கும். இரண்டு கல் ஒரே சுற்றில் நிற்காது. மேடைச் சுற்று லிமிட்டர் வழியாகப் போகிறது என்றால் சாக்ஸ் கத்தும்போது கிரேப் கல்லும் ஆறிப்போகும்.

ஒவ்வொரு கல்லுக்கும் சமையலறைப் பெட்டியில் தனித்தனிச் சுற்று. எந்தப் பிளக் எந்த ஃபியூஸ் என்று முந்தைய நாளே ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து டேப் ஒட்டுங்கள். கேபிளைச் சுருளிலிருந்து முழுக்க அவிழ்த்துப் போடணும். சுற்றியபடியே 3000 வாட் இழுத்தால் உள்ளே உருகும். பக்கத்து வீட்டிலிருந்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், அந்த வீட்டு ஒப்பந்தம் 6 கேவிஏ என்றால் மொத்தமே 30 ஆம்பியர். லிங்கி என்ற டிஜிட்டல் மின் மீட்டர் தாட்சண்யம் பார்க்காது, மீறினால் வெட்டும்.

கிரேப்பை விடுங்கள் என்பேன். எரிவாயுக் கல் வாடகைக்குக் கிடைக்கும், அல்லது பாத்தே மட்டும் போதும். 28 செ.மீ. பாத்தே ஒன்று ஏழு பேருக்கு, 120 பேருக்கு 18. வெந்தபின் மூடியைத் திறந்து கிரீம் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு அறுங்கள். சூடாக அறுத்தால் கிரீம் தட்டில் ஓடும்.

#15 பந்தல்கால்

கிரேப் ரத்து. கடைசிக் கேள்வி: வியெல் வாசிப்பவர் மாலை 5 மணிக்கே வரவேண்டும் என்கிறார். ஃபோக் செட்டே 9:15க்குத்தானே?

#16 நான்காம்_கட்டை

அவர் சொல்வதைக் கேளுங்கள். தந்தியில் சக்கரம் படும் இடத்தில் பஞ்சு சுற்றியிருக்கும், சக்கரத்தில் குங்கிலியம் பூசியிருக்கும். செப்டம்பர் மாலைக் குளிரில் காருக்குள் கிடந்த கருவி, 120 பேர் மூச்சு விடும் அறைக்கு வந்தால் மரம் ஈரம் குடிக்கும், சக்கரம் வட்டம் மாறும், பஞ்சு கனக்கும். ஒலி சீறும் அல்லது அடைக்கும். பெட்டியைத் திறந்து மேடையின் பின்பக்கம், விளக்குக்கும் ஹீட்டருக்கும் தள்ளி வைக்கட்டும். 9 மணிக்குப் பஞ்சு மாற்றிச் சுருதி சேர்க்க அவருக்குக் கால் மணி, கதவு மூடிய ஒரு அறை வேண்டும். பாத்திரம் கழுவும் அறையைக் கொடுக்காதீர்கள், ஆவி.